கடன் வாங்கிய அறிவும் சொந்தப் பொறுப்பும்



மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஒரு நாளை மாத்திரம் மறப்பதில்லை. அது சம்பள நாள். கடைக் கணக்கைத் தீர்ப்பதும், பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தைக் கொடுப்பதும், வங்கிக் கடனின் தவணையைக் கட்டுவதும் அந்த ஒரு நாளை எதிர்பார்த்தே நடைபெறுகின்றன. அந்த நாளிற் பணம் வாராது போனால் என்ன நிகழும்? ஒரு முறை வாராதிருந்தால் கைமாற்று வாங்கிச் சமாளித்துக் கொள்ளலாம். பல மாதங்கள் வாராதிருந்தால்? வேலை செய்தவரிடத்திற் பிழை ஏதும் இல்லை. கொடுக்க வேண்டிய அரசாங்கத்திடம் பணம் இல்லாமலும் இல்லை. எனினும் பணம் உரியவர் கைக்கு வந்து சேரவில்லை. இந்த விந்தையான துன்பம் கனடா தேசத்தின் மத்திய அரசாங்க ஊழியர் பல்லாயிரவருக்கு 2016ஆம் ஆண்டிலே நேர்ந்தது. போரோ பஞ்சமோ அதற்குக் காரணம் அன்று. சம்பளக் கணக்கைப் பேணிய கணினி மென்பொருளைப் புதுப்பிக்க எடுத்த முயற்சி ஒன்றே காரணமாயிற்று.

பெரிய நிறுவனம் ஒன்றின் அலுவல்களை நடத்தும் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும், அப்பணியில் வெளியார் ஆலோசனையை எவ்வளவுக்குத் துணைக்கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் கணினிப் பொறியியல் கற்றவன் அல்லன்; கலைப் பட்டதாரி; அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். ஆயினும், இது பொறியியலாளர் மாத்திரம் அறிய வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது என்பது என் எண்ணம். இத்தகைய முயற்சிகளுட் கெட்டுப்போனவற்றின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், இயந்திரத்தின் குறையிலும் பார்க்க மனிதர் செய்த தீர்மானங்களே அவற்றைக் கெடுத்திருப்பதைக் காண்கிறோம். மனிதரின் தீர்மானங்களைப் பற்றிப் பேசுவதற்கு நம் எல்லோருக்கும் உரிமை உண்டு.

முதலில், நிறுவன மென்பொருள் என்பது யாது என்று பார்ப்போம். முற்காலத்துக் கந்தோர் ஒன்றை மனத்திலே நினைத்துக் கொள்ளுங்கள். ஓர் அறையிற் சம்பளப் பேரேடு. மற்றோர் அறையில் ஊழியரின் சுயவிபரக் கோவைகள். வேறோர் அறையிற் களஞ்சியக் கணக்கு. ஓர் ஊழியருக்குப் பதவி உயர்வு கிடைத்தால், அந்தச் செய்தி ஒரு துண்டுக் கடிதமாக அறைக்கு அறை நடந்து செல்லும். நிறுவன மென்பொருளில் இந்த ஏடுகள் யாவும் ஒன்றாகி விடுகின்றன. ஓரிடத்தில் எழுதியது மறுகணமே எல்லா இடத்திலும் தெரியும். இது பெரிய வசதி. அதே வேளையில், ஓரிடத்தில் நேரும் பிழையும் மறுகணமே எல்லா இடத்தையும் சென்றடையும் என்பதையும் மறத்தலாகாது.

இருக்கின்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதனை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்கலாம். அதற்குத் தக்க காரணங்கள் உள. மென்பொருளைச் செய்து விற்ற நிறுவனம், குறித்த காலத்துக்குப் பின்னர் பழைய பதிப்புக்குப் பராமரிப்புத் தருவதை நிறுத்திவிடுகிறது. சட்டங்களும் வரி விதிகளும் மாறுகின்றன. பழைய முறையின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர்கள் ஒவ்வொருவராய் இளைப்பாறிச் செல்கின்றனர். கனடாவின் பழைய சம்பள முறை ஏறக்குறைய 40 ஆண்டுகள் பழைமையானது. அதனை மாற்ற எண்ணியதிலே தவறில்லை. ஆனால், குடியிருந்துகொண்டே வீட்டின் கூரையை மாற்றும் வேலை இது. மழை வருமுன்னே பழைய ஓட்டை இறக்கி, அந்த இடத்திற் புதிய ஓட்டை ஏற்றிவிடல் வேண்டும். உள்ளிருப்போர் நனைதலும் ஆகாது.

இனி, வெளியார் உதவி ஏன் என்பதையும் பார்ப்போம். ஒரு நிறுவனம் இத்தகைய மாற்றத்தைப் பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறையே செய்கிறது. ஆகவே அந்த வேலையிற் பழகிய கைகள் அதனிடம் இருப்பதில்லை. ஆலோசனை நிறுவனங்களோ ஆண்டுதோறும் பல இடங்களில் இதையே செய்கின்றன. எங்கே வழுக்கும், எங்கே சுற்று வழி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். கிணறு வெட்டுவதற்கு அத்தொழிலில் வல்லவரை அழைப்பதைப் போன்றதே இதுவும். இதிலே வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால், எந்த இடத்திற் கிணறு வேண்டும், எத்தனை குடும்பம் அந்த நீரைப் பருகும் என்பதை வெட்ட வந்தவர் அறியார். அதை அறிந்தவர் வீட்டுக்காரரே. இந்த இரண்டு வகை அறிவையும் கலந்து மயங்கியதாலேயே பல பெருந்திட்டங்கள் சீரழிந்தன. கனடாவின் கதை அதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

2009ஆம் ஆண்டிற் கனடா அரசாங்கம் தன் சம்பள நிர்வாகத்தை முழுவதும் மாற்றியமைக்கும் திட்டத்துக்கு இசைவளித்தது. புதிய மென்பொருளை அமைப்பதற்கென 155 மில்லியன் கனேடிய டொலர் ஒதுக்கப்பட்டது. பணி நிறைவேறியதும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லியன் டொலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. 2011ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பீப்பிள்சொஃப்ட் என்னும் ஆயத்த மென்பொருளை அரசாங்கத்தின் தேவைக்கேற்ப மாற்றியமைப்பது திட்டம். புதிய முறைக்குப் பீனிக்ஸ் என்று பெயரிட்டனர். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அது.

அந்த மென்பொருள் தாங்கவேண்டிய சுமை இலேசானதன்று. ஏறக்குறைய 290,000 ஊழியர். 101 திணைக்களங்களும் முகவர் நிலையங்களும். தொழிற்சங்கங்களுடன் செய்துகொண்ட 105 கூட்டு உடன்படிக்கைகள். அவற்றிலிருந்து பிறந்த 80,000க்கும் மேற்பட்ட சம்பள விதிகள். ஒருவர் தம்மிலும் உயர்ந்த பதவியிற் சில நாட்கள் பதிற்கடமை ஆற்றினால் ஒரு விதி; இரவு முறையில் வேலை செய்தால் வேறொரு விதி; பிரசவ விடுமுறையிற் சென்று திரும்பினால் மற்றொரு விதி. ஆயத்தச் சட்டையை வாங்கி இத்தகைய உடலுக்குப் பொருத்துவதானால், வெட்டும் தையலும் எத்தனை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

2012ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், திட்டமிடும் பருவம் முடிந்தபின், அந்த ஆலோசனை நிறுவனம் ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறியது: இந்த வேலைக்கு 274 மில்லியன் டொலர் தேவைப்படும். கையிலிருந்ததோ 155 மில்லியன். இந்த இடமே கதையின் திருப்பம். திட்டத்தை நடத்திய அதிகாரிகள் மேலிடத்துக்குச் சென்று அதிகப் பணம் கேட்கவில்லை; காலத்தை நீட்டிக்கவும் முனையவில்லை. தேவைகளை வெட்டிப் பணத்துக்குள் அடக்கினர். சில சம்பள வேலைகளை மென்பொருளிலிருந்து நீக்கினர், அல்லது பிற்போட்டனர். பின்னோக்கி வழங்கும் நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடும் வேலையும் அவற்றுள் ஒன்று. காலத்தைச் சுருக்கினர், ஆட்களையும் குறைத்தனர். ஏட்டிலே திட்டம் 155 மில்லியனுக்குள் நின்றது. உண்மையில், நிலுவைச் சம்பளம் பெறவேண்டிய ஊழியரின் கணக்கே திட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது.

இதனோடு மற்றொரு தீர்மானமும் சேர்ந்தது. 46 திணைக்களங்களில் இருந்த 1,200 சம்பள ஆலோசகர் பதவிகள் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிச்சி என்னும் ஊரில் மத்திய நிலையம் ஒன்று அமைக்கப்பட்டு, அங்கே 460 சம்பள ஆலோசகரும் 90 உதவி ஊழியரும் அமர்த்தப்பட்டனர். பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கின் சிக்கல்களைத் தலையிலே சுமந்திருந்தவர்கள் சென்றுவிட்டனர். புதிய மென்பொருள் நன்றாக ஓடினால் இந்தச் சிறு தொகையினர் போதும் என்பது கணக்கு. ஓடாவிட்டால் என்ன என்பதற்கு அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை. இரவற் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறியாதே என்று நம் கிராமத்துப் பெண்கள் கூறுவது வழக்கம். இங்கே எறியப்பட்டது நாற்பதாண்டு அநுபவம்.

ஒரு திணைக்களத்தில் மாத்திரம் முன்னோடியாகத் தொடங்கிப் பார்ப்பது என்று முதலிலே திட்டமிட்டிருந்தனர். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த முன்னோட்டம் கைவிடப்பட்டது. மென்பொருளிற் பெரிய குறைகள் அப்போது தெரியவந்திருந்தன. குறை உள்ளது என்று தெரிந்தால் முன்னோட்டத்தைப் பிற்போட்டுக் குறையைத் திருத்துவதே முறை. அவர்களோ முன்னோட்டத்தை விட்டுவிட்டு முழுத் தொடக்கத்தை நோக்கிச் சென்றனர்.

தொடக்கத்துக்கு முன்னர் வெளியார் கருத்துரை இரண்டு பெறப்பட்டன. ஒன்றைத் திட்டத்தை நடத்திய திணைக்களமே பெற்றது. அதற்குரிய வினாக்களைத் திட்டத்தின் நிர்வாகிகளே வகுத்துக் கொடுத்தனர். நான் ஆசிரியன் ஆதலின் எனக்குத் தெரிந்த உவமையிலே சொல்கிறேன்: மாணவனே வினாத்தாளைத் தயாரித்தால், தனக்குத் தெரியாத பாடத்திலிருந்து ஒரு வினாவும் அதில் இடம்பெறாது. மற்றைய கருத்துரையைத் திறைசேரிச் சபையின் செயலகம் பெற்றது. அது பெரிய ஆபத்துகளை எடுத்துக்காட்டி, படிப்படியாகத் தொடங்குவதைப் பற்றிச் சிந்திக்குமாறு கூறியது. அந்த எச்சரிக்கை வந்த 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே, 24ஆம் திகதி, முதற் பகுதித் திணைக்களங்களிற் பீனிக்ஸ் தொடங்கப்பட்டது. எஞ்சிய திணைக்களங்கள் ஏப்ரல் 21ஆம் திகதி சேர்க்கப்பட்டன.

விளைவை நீண்ட நேரம் விவரிக்க வேண்டியதில்லை. சிலருக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. சிலருக்கு மிகையாக வந்தது. மிகையாகப் பெற்றோரும் தப்பவில்லை. பின்னர் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 150,000க்கும் மேற்பட்ட ஊழியரின் சம்பளப் பிழைகள் திருத்தப்படாமற் கிடந்தன என்றும், அப்பிழைகளின் பெறுமதி 520 மில்லியன் டொலருக்கு மேல் என்றும் அந்நாட்டின் கணக்காய்வாளர் தலைமையதிபதி கண்டறிந்தார். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், அப்பதவியில் இருந்த மைக்கல் பேர்கசன் அவர்கள், இதனைத் திட்ட நிர்வாகத்திலும் மேற்பார்வையிலும் நேர்ந்த, விளங்கிக்கொள்ள முடியாத தோல்வி என்று கண்டித்தார். திட்டத்தை நடத்தியோர் சொன்னதைத் தவிர, திணைக்களத்தின் தலைவருக்கு உண்மை நிலையை எடுத்துரைக்கத் தனியான வழி எதுவும் இருக்கவில்லை என்பதும் அவ்வறிக்கை காட்டிய குறை. அதே 2018ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், பீனிக்சை விட்டு வேறொரு முறைக்கு மாறும் எண்ணத்தை அரசாங்கம் அறிவித்தது.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இந்தப் பாடத்தை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தது. அம்மாநிலத்தின் சுகாதாரத் திணைக்களம் அக்காலத்தில் தாதிமார், வைத்தியர், சிற்றூழியர் என ஏறக்குறைய 78,000 பேருக்குச் சம்பளம் வழங்கி வந்தது. அங்கும் பழைய மென்பொருளின் பராமரிப்புக் காலம் முடிந்திருந்தது. அங்கும் முதன்மை ஒப்பந்தக்காரர் ஐ.பி.எம். நிறுவனமே. 2010ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி புதிய முறை தொடங்கப்பட்டது. அடுத்த சம்பளத்திலேயே குழப்பம் தொடங்கிற்று. பிழைகளைக் கையாலே திருத்திச் சம்பளத்தை அனுப்புவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சம்பளப் பகுதி ஊழியர் தேவைப்பட்டனர். தொடக்கத்தில் 6 மில்லியன் அவுஸ்திரேலிய டொலரைச் சற்றே தாண்டிய தொகைக்குப் பேசப்பட்ட வேலை, பராமரிப்பும் திருத்தமும் சேர்ந்து 1,200 மில்லியன் டொலர் அளவுக்குச் செல்லும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

முன்னாள் நீதியரசர் ரிச்சர்ட் செஸ்டர்மன் அவர்களின் விசாரணை ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. ஒப்பந்தக்காரர் பக்கத்துக் குறைகளையும் அது கூறிற்று. எனினும் அடிப்படைக் காரணங்களாக அது காட்டியவை இரண்டு: தேவையற்ற அவசரம், அரசாங்க அதிகாரிகளின் கவனக்குறைவு. சோதனையிற் குறைகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், குறைகளைத் திருத்துவதை விடுத்து, தேறுவதற்குரிய நிபந்தனைகளையே தளர்த்தினர். பரீட்சை முடிந்தபின் சித்திக்குரிய புள்ளியைக் குறைப்பதற்கு ஒப்பானது அச்செயல். ஒப்பந்தக்காரரிடம் நட்டஈடு பெற மாநிலம் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. 2010ஆம் ஆண்டிலேயே இரு தரப்பாரும் ஓர் இணக்க உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தமையால், 2015ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்தது.

நேயர்களே, இவை யாவும் பெரிய நாடுகளின் பெரிய கதைகள். இதே பாடத்தை நான் கற்றது ஒரு சிறிய அறையில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் மாணவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தருவதற்கு வெளியிலிருந்து இருவர் வந்தனர். கெட்டிக்கார இளைஞர்கள். அவர்களுடைய படிவத்தில் முதற் பெயர் என்று ஒரு கட்டமும், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டமும் இருந்தன. நம்மிடையே குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. இதனை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. ஏட்டிலே தந்தையின் பெயர் முன்னும் பிள்ளையின் பெயர் பின்னும் இருந்தபடியால், தந்தையின் பெயரே பிள்ளையின் பெயராய் ஏறிவிட்டது. பல ஆண்டுகள் எங்களோடு இருந்த எழுதுவினைஞர் அம்மா ஒருவர், விடுகைப் பத்திரம் ஒன்றை அச்சிட்டு வாசித்தபோது திடுக்கிட்டார். ஒரு மாணவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய தகப்பனாரின் பெயர் நின்றது. அதற்குள் ஏறக்குறைய ஒரு வகுப்பு முழுவதும் ஏற்றப்பட்டுவிட்டது.

பிழை யாருடையது என்று அன்றிரவு நான் சிந்தித்தேன். அந்த இளைஞர்களுடையது என்று சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர்கள் அறிந்ததை அவர்கள் செய்தனர். எங்கள் பெயர்களின் வழக்கை அறிந்த நாங்கள், அவர்கள் வேலை செய்த அறைக்குட் செல்லவே இல்லை. அந்த அம்மாவை முதல் நாளிலேயே அவர்களுக்கு அருகில் இருத்தியிருந்தால் ஒரு வார வேலை வீணாகியிராது. இருத்தாமல் விட்டவன் நானே. வல்லவர் வந்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இவற்றிலிருந்து, இத்தகைய வேலையை மேற்கொள்ளும் எந்த நிறுவனமும் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, ஆலோசகரைத் தேடுமுன் தன் வேலையைத் தான் எழுதிக்கொள்ளல் வேண்டும். எந்த விதிகளின்படி சம்பளம் வழங்குகிறோம், எந்த விதி ஏன் வந்தது, இன்று அது தேவைதானா என்பவற்றை உள்ளூர் ஊழியரே உட்கார்ந்து வரிசைப்படுத்த வேண்டும். தேவையற்ற விதிகளை நீக்குவதற்கு இதுவே தருணம். 80,000 விதிகளை இயந்திரத்துக்குக் கற்பிப்பதிலும் பார்க்க அவற்றைக் குறைப்பது எளிது. ஆனால் குறைக்கும் அதிகாரம் ஆலோசகருக்கு இல்லை. தொழிற்சங்கத்தாருடன் பேசவேண்டியவர் நிறுவனத்தின் தலைவரே.

இரண்டாவது, பழைய ஏடுகளிலுள்ள தகவல்களைச் சுத்தம் செய்தல் வேண்டும். இளைப்பாறியவர் பெயர் நீக்கப்படாதிருத்தல், ஒருவர் இரண்டு இடத்தில் இருத்தல், திகதிகள் மாறியிருத்தல் முதலிய குறைகளுடன் புதிய மென்பொருளிற் புகுந்தால், பழைய பிழை புதிய வேகத்தோடு ஓடும்.

மூன்றாவது, ஒப்பந்தம். எந்த வேலை எப்போது முடிந்தால் எவ்வளவு பணம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வந்தவர்கள் செல்லுமுன் தம் அறிவை நம் ஊழியருக்குக் கற்பித்துச் செல்லும் கடமையும் அதில் எழுதப்படல் வேண்டும். நிறுவனத்தின் திறமை வாய்ந்த ஊழியர் சிலரை, அவர்களுடைய அன்றாட வேலையிலிருந்து விடுவித்து, ஆலோசகருடன் முழுநேரமும் இருத்துதல் அவசியம். திறமையானவரை விடுவிக்க மனமின்றி, ஓய்ந்திருப்பவரை அனுப்பும் வழக்கம் எங்கும் உண்டு. அந்தச் சிக்கனம் பின்னர் பன்மடங்கு செலவாகும்.

நான்காவது, அமைப்பவர் வேறு, சோதிப்பவர் வேறாக இருத்தல் வேண்டும். சோதிக்கும் வெளியாரை நியமிப்பதும், அவர் அறிக்கையைப் பெறுவதும் நிறுவனத்தின் தலைமையாய் இருத்தல் நலம். அவர் யாரை வேண்டுமானாலும் வினாவலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சுதந்திரம் கொடுக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவது, இணையோட்டம். அதாவது, ஒரே சம்பளக் காலத்தின் கணக்கைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒருங்கே செய்து, ஒவ்வோர் ஊழியருக்கும் வரும் தொகையைச் சதம் சதமாக ஒப்பிட்டுப் பார்ப்பது. வித்தியாசம் எங்கே உண்டோ அங்கே காரணத்தைத் தேடவேண்டும். சாதாரண மாதத்தில் மாத்திரம் அன்றி, சம்பள ஏற்றமும் நிலுவையும் வரும் மாதத்திலும் இதைச் செய்தல் வேண்டும். இது சலிப்பான வேலை, செலவும் உண்டு. ஆயினும் இதற்கு ஈடான காவல் வேறில்லை.

ஆறாவது, எந்தெந்தக் குறை இருந்தால் தொடங்கமாட்டோம் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போதே, எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். கடைசி வாரத்தில், குறித்த திகதி நெருக்கும்போது எழுதப்படும் நிபந்தனை நிபந்தனை ஆகாது. தொடங்கியபின் தவறினால் பழைய முறைக்குத் திரும்பும் வழியையும், அதை அறிந்த ஊழியரையும், புதிய முறை தன்னை நிரூபிக்கும் வரைக்கும் கைவிடலாகாது.

இவ்வளவு கவனம் நடைமுறையில் இயலுமா என்று சிலர் ஐயுறலாம். அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் இனிப்புப் பண்ட நிறுவனத்தின் கதை அதற்கு விடை தருகிறது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நிறுவனம் தன் மென்பொருளை மாற்றியது. 48 மாதங்கள் வேண்டும் என்று கூறப்பட்ட வேலையை 30 மாதங்களிற் சுருக்கியிருந்தனர். தொடங்கிய காலமோ, இனிப்புப் பண்டங்கள் மிகுதியாக விற்பனையாகும் ஒக்டோபர் மாதப் பண்டிகைக்குச் சற்று முன். களஞ்சியத்திற் பண்டம் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப இயலாமல், 100 மில்லியன் டொலர் பெறுமதிக்கு மேற்பட்ட கட்டளைகள் நிறைவேறாது போயின. அதே நிறுவனம் 2002ஆம் ஆண்டில் அதே மென்பொருளை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தியது. இம்முறை 11 மாதங்களில், மதிப்பிட்டதிலும் குறைந்த செலவில், பண்டம் அனுப்புவதில் இடையூறின்றி வேலை முடிந்தது. விரிவான சோதனையும், ஊழியர் பயிற்சியும், தலைமையின் நேரடிக் கவனமுமே அதற்குக் காரணம் என நிறுவனத்தார் கூறினர். மூன்று ஆண்டுகளுக்குள் அவர்கள் தம் தவற்றிலிருந்து கற்றுக்கொண்டனர்.

முடிவாக ஒன்று. 274 மில்லியன் டொலர் வேண்டும் என்று கனடாவின் ஆலோசகர் சொன்ன அந்த நாளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வெளியார் அன்று உண்மையைச் சொன்னார். அதைக் கேட்டவர்களுள் ஒருவர் எழுந்து, இந்தப் பணத்துக்கு இந்த வேலை நடவாது, திகதியைத் தள்ளிப் போடுவோம் என்று சொல்லியிருந்தால், பல்லாயிரம் வீடுகளிற் சம்பள நாள் தவறியிராது. அந்தச் சொல்லைச் சொல்லவேண்டியவர் ஆலோசகர் அல்லர். அறிவைக் கூலி கொடுத்துப் பெறலாம்; உழைப்பையும் பெறலாம்; நிறுத்துங்கள் என்று சொல்லும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கந்தோரிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கோயிற் பரிபாலன சபையிலோ, நாளை உங்கள் முன்னிலையில் இத்தகைய திட்டம் ஒன்று வைக்கப்படலாம். அப்போது விலையைக் கேட்குமுன் ஒரு வினாவைக் கேளுங்கள்: இது ஆயத்தமாகவில்லை என்று கண்டால், தொடக்கத்தை நிறுத்தும் அதிகாரம் நம்மவருள் யாருக்கு உண்டு? விடை தெளிவாக வராதாயின், அந்தத் திட்டம் இன்னும் தொடங்கத்தக்க நிலையை அடையவில்லை என்று கொள்ளுங்கள்.